ஒரு ஆட்டமாவது ஜெயித்த கை

முருகன் துணை

பாலோவுக்கு அடுத்த தோட்டம், ஜொகூர்
பவ வருஷம், கார்த்திகை மாதம்

செனாயில் வசிக்கும் மகா-ள-ஸ்ரீ சபாபதி அத்தான் அவர்கள் சமூகத்துக்கு, மைத்துனன் சதாசிவம் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் மழை, இருமல் இரண்டையும் தவிர மற்றபடி யாவரும் சௌக்கியம். அவ்விடமும் அப்படியே இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

தங்கள் கடிதமும், அதற்குள் மடித்து வைத்திருந்த பேச்சியக்காளின் கடிதமும் ஒருசேர வந்து சேர்ந்தன. தாங்கள் என் க்ஷேமத்தை விசாரித்திருந்தீர்கள். அக்காள் என்னையே விசாரித்திருந்தாள். "தை பிறந்தால் கல்யாணம் என்றாய், மாசியில் நாங்கள் ஊருக்குக் கப்பலேறுகிறோம் என்பதும் உனக்குத் தெரியும், இன்னும் ஒரு நாள் குறிக்காமல் அந்த ஆபீசில் உட்கார்ந்து என்னதான் எழுதுகிறாய் தம்பி" என்று கேட்டிருந்தாள். நியாயமான கேள்வி. பதில்தான் நியாயமாக இல்லை. தடை என் பக்கம் இல்லை. என் வீட்டுக்காரி கிருஷ்ணம்மா பக்கம் இல்லவே இல்லை, அவள் வெற்றிலைக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டாள். நம் பெண் புஷ்பவள்ளி ஒன்றும் சொல்லவில்லை, ஆகையால் அவள் பக்கமும் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். தங்கள் குமாரன் ஜெயபாலனுக்கும் பெண்ணைப் பிடிக்காமல் இல்லை. தடை பேஸ்பால் என்ற விளையாட்டின் பக்கம் இருக்கிறது.

இது என்ன புது வியாதி என்று தாங்கள் கேட்கலாம். நானும் முதலில் அப்படித்தான் கேட்டேன். எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்த ஜப்பான்காரத் துரை, ஹயாஷி என்று பெயர், நல்ல மனுஷர், குடும்பம் ஜப்பானில், இங்கே பங்களாவில் ஒண்டியாக இருக்கிறார். வந்த சில நாளில் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. ஏதோ மெஷின் சாமான் என்று நினைத்துத் திறந்தால் உள்ளே உலக்கை மாதிரி உருண்டையாக மட்டைகள், பன்றித் தோலோ மாட்டுத் தோலோ தெரியவில்லை, யானைக் காது அளவுக்குக் கையுறைகள், கல் மாதிரிப் பந்துகள். ஜப்பான்காரர்கள் நடத்தும் தோட்டங்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒன்றோடொன்று ஆடுவதாம், வருஷத்தை இரண்டு பாதியாகப் பிரித்து ஆடுவதாம், நாமும் ஆட வேண்டுமாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எல்லோரையும் நிறுத்தி, கை நீளமாக இருந்தவர்களை இழுத்துக்கொண்டார். என் ஆபீசில் சின்னக் கிராணியாகக் கணக்கு எழுதும் நம் ஜெயபாலனை எறிகிறவனாகப் போட்டார். துரைக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு ஜப்பான் பாஷை தெரியாது, ஆகையால் அவர் மலாயில் சொல்ல நான் தமிழில் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அத்தான், எல்லா வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

இந்த ஆட்டத்தில் நாலு மூலை. மூன்று மூலையில் மணல் நிரப்பிய சாக்கு. நாலாவது மூலைக்குப் பெயர் வீடு. அங்கே நின்று பந்தை அடித்துவிட்டு, சாக்கு சாக்காக மிதித்து ஓடி, மறுபடி அந்த வீட்டுக்கே வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். முதல் ஆட்டத்தில், மரத்தில் பால் வெட்டும் ஐயாசாமி கண்ணை மூடிக்கொண்டு ஒரு வீச்சு வீசினான், பந்து போய் ரப்பர் மரங்களுக்குள் விழுந்தது. துரை குதித்தார். "பாலிக் ரூமா, பாலிக் ரூமா" என்றார். ரூமா என்றால் வீடுதானே. நான் "வீட்டுக்கு ஓடுடா ஐயாசாமி" என்று கத்தினேன். அவன் இரண்டாவது சாக்கு வரைக்கும் ஒழுங்காக ஓடி, அங்கிருந்து திரும்பி, நேரே ஆட்கள் குடியிருக்கும் லயத்தைப் பார்த்து ஓடி, தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "வந்துட்டேன் கிராணி, இப்ப என்ன செய்யணும்" என்று கேட்கிறான். அதற்குள் அந்தப் பக்கத்தார் பந்தைத் தேடி எடுத்து, சாவகாசமாக நடந்து லயத்துக்கே போய், அவன் தோளில் பந்தால் தொட்டுவிட்டு வந்தார்கள்.

அதோடு போச்சா. ஆட்டம் இழந்தவனைத் துரை "மாத்தி" என்பார். மாத்தி என்றால் செத்தான். நானும் உள்ளபடி "ஐயாசாமி செத்தான்" என்று உரக்கச் சொன்னேன். அவன் பெண்சாதி காளியம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள் பாருங்கள். "என் கழுத்துல தாலி இருக்கு, புருஷன் எதுக்க நிக்கிறாரு, யாரைக் கேட்டு சாவு சொன்னீங்க" என்று என் முன்னால் நின்றுவிட்டாள். துரைக்கு விஷயம் புரிந்ததும் தொப்பியைக் கழற்றி அவளுக்கு ஒரு கும்பிடு போட்டு, இனிமேல் வேறு வார்த்தை சொல் என்றார். இப்போது நாங்கள் "உக்காந்தான்" என்கிறோம். அப்புறம் ஒரு நாள் சாக்கைத் திருடச் சொன்னார், அதாவது எறிகிறவன் அசந்த நேரத்தில் அடுத்த சாக்குக்கு ஓடிவிடுவது. மலாயில் அதற்கும் திருட்டு என்றுதான் பேர். ஐயாசாமி கையைக் கட்டிக்கொண்டு, "எங்க வம்சத்துல யாரும் திருடினதில்லை, துரைதான் திருடச் சொன்னாருன்னு நீங்க சாட்சி சொல்வீங்களா" என்றான். நகரவே இல்லை. இன்னொரு நாள் ஒருத்தன் தான் ஆட்டமிழந்தாலும் பரவாயில்லை என்று மெல்லத் தட்டி அடுத்தவனை முன்னே தள்ள வேண்டுமாம், அதைத் துரை "கொர்பான்" என்றார். நான் பலி என்று சொன்னேன். வேறென்ன சொல்ல. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், முதல் சாக்குப் பக்கத்தில் ஒரு சேவல் கட்டியிருந்தது. துரை அதைத் தனக்கு வந்த சன்மானம் என்று நினைத்துக் குனிந்து வாங்கிக்கொண்டு போய் பங்களாவில் வளர்க்கிறார்.

இப்படியாக முதல் பாதியில் ஆடினதெல்லாம் தோல்வி அத்தான். உள்ளூரிலும் தோல்வி, வெளியூரிலும் தோல்வி, மழை வந்து நின்றுபோன ஆட்டத்தில்கூட நாங்கள்தான் பின்னால் இருந்தோம். இதில் நம்ம பிள்ளை மேல குத்தம் இல்லை. அவன் கையிலிருந்து பந்து போறது கண்ணுக்கே தெரியாது. அதுதான் தொந்தரவு. அடிக்கிறவனுக்குப் பின்னால உக்காந்து பிடிக்க வேண்டிய ஐயாசாமி, பந்து வந்தா விலகி வழி விடுறான். பந்து பின்னால போனா, சாக்குல நிக்கிறவனெல்லாம் ஓடிடலாம்னு சட்டம். ஏன்டா விலகுறேன்னு கேட்டா, "பந்து துரை வீட்டுப் பந்து, மூக்கு என் மூக்கு"ங்கிறான். இதுக்கு நான் எந்த பாஷையில பதில் சொல்றது.

ரெங்கத்துப் பக்கம் இருக்கிற தோட்டத்தோட ஆடின அன்னைக்குத்தான் அது நடந்தது. அவங்கதான் எல்லாத்துலயும் பலமான ஆளுங்க. நம்ம களத்துலயே வந்து நம்மளை நாராக் கிழிச்சுட்டுப் போனாங்க. கடைசியில ஜெயபாலன் கை சோர்ந்து, பந்து கோணல் கோணலாப் போச்சு. காளியம்மா, மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுச் சொல்றவ இல்லை, வாய் அப்படி, "இந்தக் கையாலயா கிராணி மகளுக்குத் தாலி கட்டப் போறீங்க தம்பி, முடிச்சு கழுத்துல விழுமா, பக்கத்துல நிக்கிறவ கழுத்துல விழுமா"ன்னுட்டா. ஜனமெல்லாம் சிரிச்சுது. ரெங்கத்துக்காரங்களுக்கு எவனோ மொழிபெயர்த்துச் சொல்லி அவங்களும் சிரிச்சாங்க. பிள்ளை முகம் கறுத்துப் போச்சு. நடுக்களத்துல நின்னுக்கிட்டு, "ஒரு ஆட்டமாவது ஜெயிச்ச கையாலதான் தாலி கட்டுவேன், அதுவரைக்கும் கட்ட மாட்டேன்"னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டான். துரை என்ன சொல்றான்னு என்னைக் கேட்டாரு. எனக்கு அன்னைக்கு மலாய் வரலை.

சொன்ன சொல்லை விடுறானா பாருங்க. நான் ஆபீசுல வச்சுச் சொன்னேன், "மாப்பிள்ளை, சாமி முன்னால செஞ்ச சத்தியமா இது, சாக்கு முன்னால செஞ்சதுதானே." "சொன்னது சொன்னதுதான் மாமா"ங்கிறான். கிருஷ்ணம்மா சாப்பாடு போட்டுக் கெஞ்சினா. சாப்பிட்டான், மனசு மாறலை. புஷ்பவள்ளி என்ன நினைக்கிறாள்னுதான் எனக்குப் பிடிபடலை அத்தான். அழுவாள்னு நினைச்சேன், அழலை. ஒவ்வொரு ஞாயிறும் தலை வாரிக்கிட்டுக் களத்துக்குப் போறா. போன வாரம் என்கிட்ட வந்து, "அப்பா, மூணாவது சாக்குக்காரர் ரொம்ப முன்னால நிக்கிறாரு, தள்ளி நிக்கச் சொல்லுங்க"ன்னா. சொன்னேன். அன்னைக்கு அவன் பக்கம் வந்த பந்தெல்லாம் பிடிபட்டுது.

ஒரு அதிசயம் சொல்றேன். தோக்கத் தோக்கக் கூட்டம் கூடுது. முதல்ல லயத்து ஆளுங்க மட்டும் வந்தாங்க, இப்ப பாலோ டவுன்லேர்ந்து சீனக் கடைக்காரங்க, பக்கத்துக் கம்பத்துக் குடிசைகள்லேர்ந்து மலாய்க்காரங்க எல்லாம் வர்றாங்க. ஆளுக்கொரு யோசனை சொல்றாங்க. ஆட்டம் முடிஞ்சதும் தோத்தவனும் ஜெயிச்சவனும் வரிசையா நின்னு ஒருத்தருக்கொருத்தர் குனிஞ்சு கும்பிடுறாங்க, புதுசா பாக்குறவனுக்கு யார் ஜெயிச்சதுன்னே தெரியாது. இவ்வளவு தோத்தும் துரைக்குக் கோபம் வராததைப் பாத்து ஒரு நாள் கேட்டுட்டேன். அவர் சிரிச்சுக்கிட்டு, "கிராணி, இன்னும் பாதி இருக்கு"ன்னாரு. அந்த ஒரு வார்த்தை தோட்டம் பூரா பரவிடுச்சு. இப்ப வீட்டுல குழம்புல உப்புக் கூடினாக்கூட இன்னும் பாதி இருக்குங்கிறாங்க.

எனக்கே அந்தப் பைத்தியம் கொஞ்சம் பிடிச்சிருக்குன்னு நினைக்கிறேன். ஜெயபாலன் எறியிற பந்துல சிலது நேரா வந்து கடைசியில வளையுது. ஏன் வளையுதுன்னு துரையைக் கேட்டேன். விரலைப் பிடிச்சுக் காட்டினாரு, புரியலை. வீட்டுக்கு வந்து எலுமிச்சம்பழத்தை எறிஞ்சு பாத்தேன். வளையலை. ஒண்ணு மட்டும் வளைஞ்சுது, அது போய் கிருஷ்ணம்மாவோட ஊறுகாய் ஜாடியில பட்டுது. அன்னையிலேர்ந்து அவ என்கிட்ட பேசுறதை நிறுத்தி, பக்கத்துல இருக்கிற தூண்கிட்ட பேசுறா.

நம்பிக்கைக்கும் இடம் இருக்கு அத்தான், இல்லேன்னு சொல்லக் கூடாது. முதல் பாதியோட கடைசி ஆட்டத்துக்கு முன்னால காளியம்மா வந்தா. தன் வாயால வந்த வினைன்னு அவளுக்கு உள்ளுக்குள்ள உறுத்தல் போல. தன்னோட இலவம்பஞ்சுத் தலைகாணியை ரெண்டா மடிச்சு, பழைய சேலையைக் கிழிச்சு, ஐயாசாமி நெஞ்சுல சேத்துக் கட்டினா. "இப்ப நகருங்க பாக்கலாம்"னு சொல்லிட்டு அவன் பின்னால போய் உக்காந்துக்கிட்டா. அவன் நகரலை. பந்துக்குப் பயப்படுறதா, பெண்சாதிக்குப் பயப்படுறதான்னு அன்னைக்கு முடிவு பண்ணிட்டான். ஆட்டத்தை ஒரே ஒரு ஓட்டத்துலதான் தோத்தோம். ஜனங்க ஜெயிச்ச மாதிரி மேளம் அடிச்சுக்கிட்டு லயத்துக்குப் போனாங்க.

ஆனா இதை நம்பி எப்படி நாள் குறிக்கிறது. மழைக்காலம், களமெல்லாம் தண்ணி. தைக்கு முன்னால ஒரே ஒரு ஆட்டம்தான்னு துரை சொல்லிட்டாரு, அதுவும் வர்ற ஞாயிறு, அதுவும் ரெங்கத்தோட. புலி வாயில போய் மாலை போடச் சொன்ன மாதிரி இருக்கு. ஆகையால் அத்தான், தாங்கள் தகப்பனார் என்ற முறையில் தங்கள் குமாரனுக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதி, இந்தச் சபதத்தை உடனே கைவிடும்படி உத்தரவிட வேண்டும். இல்லாவிட்டால் தாங்கள் மாசிப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும். இரண்டும் முடியாதென்றால் தாங்களே நேரில் வந்து பேச வேண்டும். இதை அக்காளிடம் பக்குவமாகச் சொல்லவும். குலதெய்வத்தின் அருளால் தங்களுக்கும் அக்காளுக்கும் வீட்டிலுள்ள மற்றோருக்கும் எல்லா நலமும் கூடி வரட்டும்.

இப்படிக்குத் தங்கள் அன்புக்கும் கோபத்துக்கும் உரிய
மைத்துனன்,
சதாசிவம்

பின்குறிப்பு: மேலே எழுதியதைத் தயவுசெய்து விட்டுவிடவும். கடிதத்தை மடித்துத் தபாலுக்குக் கொடுக்கப் போனால், வெள்ளத்தில் தண்டவாளம் முழுகி ரயில் இல்லை என்றார்கள். கடிதம் என் சட்டைப் பையிலேயே இருக்க, ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. அன்னைக்குப் பாத்து மழை விட்டுது. நம்ம ஆளுங்க தலைகாணி கட்டித் தயாரா நின்னாங்க. ஜனம் குடையோட நின்னுது. ரெங்கத்துக்காரங்க வரலை. ரயில் இல்லாம எப்படி வருவாங்க. துரை கடிகாரத்தைப் பாத்து ரொம்ப நேரம் காத்திருந்து, கடைசியில, வராதவங்க தோத்தவங்க, இதுதான் சட்டம், நாம ஜெயிச்சோம்னாரு. நான் தமிழ்ல சொன்னேன். இந்தத் தடவை தப்பில்லாம சொன்னேன். மேளம் கொட்டிட்டாங்க. ஜெயபாலன் மட்டும் நடுக்களத்துல நின்னுக்கிட்டு, ஒரு பந்துகூட எறியலை, இது ஜெயிச்ச கை இல்லைன்னு தலையை ஆட்டிட்டான். எனக்கு உயிரே போயிடுச்சு.

அப்ப புஷ்பவள்ளி எழுந்து, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, சேத்துல நடந்து அவன் நின்ன இடத்துக்கே போனா. "வராதவங்க தோத்தவங்கன்னு துரை சொல்றாங்க. தை மாசம் நான் மணவறையில உக்காந்திருப்பேன். நீங்க வரலைன்னா, யார் தோத்ததா எடுத்துக்கட்டும்"னு கேட்டா. அவன் கையுறையைக் கழட்டினான். "வர்றேன்"னான்.

துரை என்ன நடக்குதுன்னு என்னைக் கேட்டாரு. அப்புறம் சொல்றேன்னு கையைக் காட்டினேன். ஆகையால் அத்தான், தாங்கள் யாரையும் கண்டிக்க வேண்டாம். அக்காளும் தாங்களும் கலந்து தையில் ஒரு நல்ல நாளாகப் பார்த்துக் குறித்து அனுப்புங்கள், ரயில் ஓடினதும் வந்து சேருங்கள். எந்த நாளானாலும் எங்களுக்குச் சம்மதம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம் என்று புஷ்பவள்ளி எழுதச் சொல்கிறாள், அன்றைக்கு ஆட்டம் இருக்கிறதாம்.