பால் பொங்குவதற்குள் முடிகிற கூட்டம்

சிக்கல்,
வைகாசி 5, திங்கட்கிழமை.

கமுதியில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் தவசி அவர்களுக்கு, சிக்கலில் இருந்து தங்கப்பாண்டி கும்பிட்டு எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் மாடு கன்றும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமா என்று கேட்க நினைத்தால் கேட்காமல் விட்டுவிடுங்கள். உங்கள் தங்கை சோணையம்மாள் கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு இருபது நாள். இருபது நாளும் நான் பொங்கின சோற்றை நானே தின்கிறேன். அதில் ஒரு நாள் உப்பு சரியாக இருந்தது.

போனில் பேசலாமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போன வாரம் பேசினேனே மச்சான். எடுத்த உடனே ஸ்பீக்கரில் போட்டுவிட்டீர்கள். அக்கா ஒன்று சொல்ல, பக்கத்து வீட்டுக்காரர் ஒன்று சொல்ல, பால் ஊற்ற வந்தவர்கூட "மாப்பிள்ளை செஞ்சது தப்புதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். சோணை மட்டும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் நீங்கள், "ஞாயித்துக்கெழம எல்லாரும் உக்காந்து பேசிருவோம், பதினோரு பேருக்குச் சொல்லியாச்சு" என்றீர்கள். அந்தக் கூட்டம் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். கூட்டத்தால் போன பெண்டாட்டியைக் கூட்டம் போட்டா கூட்டி வருவது? நான் ஆபீஸில் கூட்டத்தையெல்லாம் குறைத்துவிட்டேன் மச்சான். எங்க குலசாமி மேல் சத்தியம். எப்படிக் குறைத்தேன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்து, அவளுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

சொசைட்டியில் ரிட்டயர் ஆனபிறகு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். நம்ம பக்கத்து விவசாயிகள் சேர்ந்து முண்டு மிளகாய் வத்தல் வாங்கி விற்கிற கம்பெனி ஒன்று ஆரம்பித்து, அதற்கு மேனேஜராக இருங்கள் என்றார்கள், இருந்தேன். மதுரையில் மூன்று நாள் பயிற்சிக்குப் போங்கள் என்றார்கள், போனேன். அங்கே ஒரு பையும் பேனாவும் கொடுத்து, எந்த முடிவையும் எல்லாரையும் கலந்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதில் இருந்து பிடித்தது சனி. காலையில் ஒரு கூட்டம், காலையில் பேசியது நடந்ததா என்று மத்தியானம் ஒரு கூட்டம், நாளைக்கு எதைப் பேசுவது என்று சாயங்காலம் ஒரு கூட்டம். ஆபீஸில் என்னையும் சேர்த்து ஆறே பேர். ஆறு பேரையும் வரிசையாக "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்க வேண்டும். வத்தல் மூட்டை அடுக்குகிற கிட்டங்கிக்குப் பொறுப்பாக இருக்கும் மாரிச்செல்வம் இருக்கிறாரே, அவர் தினமும் ஒரே மாதிரிதான் ஆரம்பிப்பார்: "முன்னால பேசுனவரு சொன்னதத்தான் நானும் சொல்ல வந்தேன். இருந்தாலும் சொல்லிர்றேன்." அதற்கு அரைமணி நேரம். கிட்டங்கிக்கு ஒரு பூட்டு வாங்க மூன்று கூட்டம் போட்டோம். பூட்டு வந்த பிறகு சாவி யாரிடம் இருப்பது என்பது அதற்குமேல் போட்ட நாலு கூட்டத்திலும் முடிவாகவில்லை. அதனால் பூட்டு டப்பாவிலேயே இருந்தது. கிட்டங்கியைச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். உங்கள் தங்கைக்குப் படிக்கிற கண்ணாடி ராமநாதபுரத்தில் தயாராகிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. போய் வாங்கலாம் என்று இரண்டு தடவை சொல்லி இரண்டு தடவையும் நான் கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது தடவை, "நாலு மணிக்கு வாரேன், கெளம்பி இரு" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனேன். அன்றைக்கென்று மூன்று மணிக்குக் கூட்டம். பொருள் என்ன தெரியுமா மச்சான்? கோடை மழை வந்தால் களத்தில் காய்கிற வத்தலை மூடத் தார்ப்பாய் போதுமா என்பது. நாற்காலி பற்றாது, உறுப்பினர்களும் வருகிறார்கள் என்று களத்து ஓரமாகத் தார்ப்பாய்களை விரித்து அதன்மேல்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். மூன்றரைக்குத் தூறல் விழுந்தது. நான் எழுந்தேன். மாரிச்செல்வம் என் வேட்டியைப் பிடித்து இழுத்து, "சார், தீர்மானத்தை முடிச்சிட்டு எந்திரிப்போம், பாதியில எந்திரிச்சா மரியாதையா இருக்காது" என்றார். தார்ப்பாய் போதும் என்று நாங்கள் ஒருமனதாகத் தீர்மானித்தபோது வத்தல் மிதந்துகொண்டிருந்தது. அப்புறம் அள்ளி, வடித்து, கிட்டங்கிக்குள் பரப்பி, நான் வீடு சேர ஏழு மணி.

சோணை புதுச்சேலை கட்டி, பை எடுத்து, வாசலைப் பார்த்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். தலையில் வைத்த பூ வாடியிருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் என் மேல் இருந்த வத்தல் நெடியில் ஏழெட்டுத் தும்மல் போட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் ஏறும்போது, "ஒங்க கூட்டமெல்லாம் முடிஞ்சப்பறம் சொல்லி விடுங்க" என்றாள். அவ்வளவுதான் மச்சான். நான் கை நீட்டவில்லை, வாய் நீட்டவில்லை. பால்காரருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

உடனே சென்னையில் இருக்கும் மகள் முருகலட்சுமிக்குப் போன் போட்டேன். அவள் கம்பெனியிலும் இதே வியாதியாம். "அய்யா, மூணு கேள்வி கேளுங்க. இதுல முடிவு பண்ண ஏதாவது இருக்கா? ஒரு போன்ல முடியுமா? யாருக்கு இதுல வேலை இருக்கு? வேலை இல்லாதவங்களக் கூப்பிடாதீங்க, அவங்களே சந்தோசப்படுவாங்க" என்றாள். மகள் படித்தவள், சொன்னால் சரியாக இருக்கும் என்று மறுநாளே செய்தேன். வத்தலை மூட்டையாகச் சிப்பம் கட்டுகிற விஷயம் பேச மூன்று பேரை மட்டும் கூப்பிட்டேன். மாரிச்செல்வத்துக்கு அதில் வேலை இல்லை, கூப்பிடவில்லை.

மெட்ராஸில் வேண்டுமானால் சந்தோஷப்படுவார்கள். இங்கே மாரிச்செல்வம் அன்று மத்தியானத்தில் இருந்து ஆபீஸுக்குள் கால் வைக்கவில்லை. வேப்பமரத்தடியில் நின்றே வேலை பார்த்தார். டீ கொடுத்தனுப்பினால் வேண்டாம் என்றார். தண்ணீர்கூட வீட்டில் இருந்து கொண்டுவந்தார். நான் போய்க் கேட்டதற்கு, "கூப்பிடாத எடத்துல நான் கை நனைக்க மாட்டேன் சார். எங்க வீட்டு விசேசத்துக்கு ஒங்களுக்கு மட்டும் பத்திரிகை வைக்காம விட்டா நீங்க வருவீங்களா?" என்றார். ஊருக்குள், மாரிச்செல்வத்தை ஒதுக்கிவிட்டார்களாம் என்று பேச்சாகிவிட்டது. அவர் சம்சாரம் ரேஷன் கடையில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடுத்த நாள் வேன் ஓட்டுகிற காளீஸ்வரனைக் கூப்பிடாமல் விட்டேன். அவர் வேன் சாவியை என் மேஜையில் வைத்துவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டார். நெஞ்சு வலிக்குக் காரணம் எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கடைசியில் என்ன செய்தேன் என்றால், சிரிக்காதீர்கள், ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் கல்கண்டு வைத்து எடுத்துக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் போனேன். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள் என்று வாய் தவறிச் சொல்லியும்விட்டேன். மாரிச்செல்வம் தட்டை இரண்டு கையாலும் வாங்கி, "ஒங்க வாயால கூப்பிட்டதே போதும் சார், கூட்டத்துல எனக்குப் பேசுறதுக்குக்கூட ஒண்ணும் இல்ல" என்றார். அடப்பாவி மனுஷா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு அவர் கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

இதற்கு வழி கண்டுபிடித்தது எங்கள் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற தாஜுன்னிசா. ஏர்வாடியில் இருந்து வருகிற பிள்ளை. ஐந்து மணி பஸ்ஸை விட்டால் வீட்டில் பிள்ளைகள் அழும். "சார், எல்லாரையும் கூப்பிடுங்க. எல்லாரையும் கேளுங்க. ஆனா நான் டீக்குப் பால் அடுப்புல வைக்கும்போது ஆரம்பிச்சு, பொங்குறதுக்குள்ள முடிச்சிருங்க. பேச்சை இழுத்துப் பால் வழிஞ்சா அன்னைக்கு யாருக்கும் டீ கிடையாது" என்றது. முதல் நாள் காளீஸ்வரன், டயரில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்ப் பாலை வழியவிட்டார். ஐந்து பேரும் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இப்போது அவர் சட்டியைப் பார்த்தபடியே பேசுகிறார். "பொங்குது, மிச்சத்த நாளைக்குச் சொல்றேன்" என்று பாதியில் நிறுத்திக்கொள்கிறார். இதுவரை மறுநாள் அந்த மிச்சத்தைச் சொன்னதில்லை. பூட்டுச் சாவி மாரிச்செல்வத்திடம் இருக்கட்டும் என்று நுரை கட்டுவதற்குள் முடிவாகிவிட்டது. நாலரைக்கு ஆபீஸ் முடிந்து நான் வீட்டில் இருக்கிறேன் மச்சான். நாலரைக்கு நம் வீட்டுக்குள் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று எனக்கு இப்போதுதான் தெரியும்.

இதில் நான் கண்ட உண்மையை உங்களுக்குச் சொல்கிறேன். மனுஷருக்குக் கூட்டம் வேண்டியதில்லை. நம்மையும் மதித்துக் கூப்பிட்டார்களே, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார்களே, அதுதான் வேண்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு வார்த்தை கேட்டால் போதும். இதை மதுரையில் மூன்று நாளும் எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. நானாகத்தான் தெரிந்துகொண்டேன்.

கண்ணாடியையும் போன வியாழக்கிழமை நானே போய் வாங்கிவந்து பிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். அவள் எடுத்திருந்த பழுப்புப் பிரேம் எனக்குப் பிடிக்கவில்லை. தங்கக் கலரில் மாற்றிவிட்டேன். அவளுக்கு நன்றாக இருக்கும். ஆகவே மச்சான், மகள் சொன்ன மூன்று கேள்வியையும் உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போட்டுப் பாருங்கள். முடிவு பண்ண ஒன்றும் இல்லை. தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். பதினோரு பேருக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அவர்களைச் சொல்லி நிறுத்திவிட்டு, உங்கள் தங்கையை ஒன்பது மணி பஸ்ஸில் முதுகுளத்தூர்வரை ஏற்றிவிட்டால் போதும், நான் அங்கே வந்து நிற்கிறேன். அவள் இல்லாமல் வீடு வீடாக இல்லை. இதை அவளிடம் சொல்லும்போது ஸ்பீக்கரில் போடாதீர்கள்.

அக்காவுக்கு என் கும்பிடு. பதினோரு பேரில் என்னைவிட மூத்தவர்களுக்கு வணக்கமும் இளையவர்களுக்கு ஆசீர்வாதமும் சொல்லி, வரவேண்டாம் என்பதையும் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். எல்லாரையும் நம்ம ரெண்டு வீட்டுக் குலசாமியும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்,
தங்கப்பாண்டி.

பி.கு: அண்ணே, இது நான், சோணை. கோயிலுக்குப் போறேன்னு மதினிகிட்டச் சொல்லிட்டு நேரா பஸ் ஏறி வந்துட்டேன், தேட வேணாம். ஒங்க மாப்பிள்ளை கவர் வாங்கப் போயிருக்காரு. நான் வந்தது அவருக்கு இன்னும் தெரியாது. கண்ணாடிக்கு அடியில இந்தக் கடுதாசி இருந்துச்சு. புதுக் கண்ணாடியப் போட்டு முதல்ல படிச்சது இதைத்தான்.

கூட்டத்துக்காக நான் கோவிச்சுக்கிட்டு அங்கன வரலண்ணே. பூட்டு வாங்க ஆறு பேத்தக் கேட்டாரு. மாரிச்செல்வம் வீட்டுக்குத் தட்டு எடுத்துட்டுப் போயிருக்காரு. இந்த வீட்டுக்கு நீலப் பெயிண்ட் அடிச்சப்ப, மாட்ட வித்தப்ப, முருகலட்சுமிய மெட்ராஸுக்கு அனுப்புனப்ப, முப்பத்தோரு வருசத்துல ஒரு நாள் "சோணை, நீ என்ன சொல்ற?"ன்னு என்னையக் கேட்டதில்ல. அங்கன அவ்வளவு பேசிட்டு வந்து, இங்கன சோறு இருக்கான்னு கேட்டதோட பேச்சு முடிஞ்சிரும். ஆளுக்கு ஒரு வார்த்தை கேட்டாப் போதும்னு அவரே எழுதியிருக்காரு பாருங்க. அதை எழுதுன கைக்கு என் ஞாபகம் வரல. இந்தப் பிரேமையும் கேக்காமத்தான் மாத்தியிருக்காரு. ஆனா நல்லாத்தான் இருக்கு.

நீங்களும் இருபது நாளா என்னையப் பத்தி எல்லாத்துகிட்டயும் பேசுனீங்க. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. கோவிச்சுக்காதீங்க, சொல்லணும்னு தோணுச்சு. ஞாயித்துக்கெழமக் கூட்டத்த நிறுத்த வேணாம். பதினோரு பேரையும் இங்கன வரச் சொல்லுங்க. நான் கூப்பிட்டதாச் சொல்லுங்க. கறி எடுத்துச் சமைக்கிறேன்.

அவர் செருப்புச் சத்தம் கேக்குது. டீக்குப் பாலை அடுப்புல வச்சிருக்கேன். சிம்முலதான் வச்சிருக்கேன்.