நியாய விலை ஆச்சி

விலை விசாரிக்கிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. எந்த ஊர்த் தண்ணீரும் அதற்கு ஒத்துக்கொள்ளும். நீங்கள் புதுச் சட்டையோடு எதிரே போனால், சட்டை உங்களுக்குப் பொருந்துகிறதா என்று அது பார்க்காது. "எவ்வளவு?" என்று கேட்கும். நீங்கள் சொல்வீர்கள். அது உங்களைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்க்கும். அவ்வளவுதான், சட்டை அங்கேயே சாயம் போய்விடும்.

வியட்நாமின் சைகோனில் இந்த இனம் செழிப்பதற்குக் காரணம் இருக்கிறது. இங்கே ஒரு காபியே பல்லாயிரம் டோங். அதனால் ஊரார் ஆயிரத்தை விழுங்கிவிட்டு ஐம்பது, அறுநூறு என்று சுருக்கிச் சொல்வார்கள். புதிதாக வந்த தமிழர்களுக்கு எது மலிவு, எது கொள்ளை என்று சீக்கிரத்தில் பிடிபடாது. மற்றவருக்குப் பிடிபடாத இடத்தில்தானே தெரிந்தவருக்கு மதிப்பு? தாவோ தியென் அடுக்குமாடியில் அந்தத் தெரிந்தவர் தெய்வயானை ஆச்சி. அவர் கணவர் அடைக்கப்பன், பக்கத்து மாகாணமான பின் யுவோங்கில் ஒரு தொழிற்சாலைக்கே மேலாளர். ஆனாலும் வாங்கிவரும் மாம்பழத்துக்கு வீட்டில் பாதி விலைதான் சொல்வார்.

ஆச்சியின் ஆயுதம் ஒரே சொல்தான். "ஏமாந்துட்டீகளே." திட்ட மாட்டார், சிரிக்க மாட்டார், அனுதாபத்தோடு சொல்வார். அதுதான் தாங்காது. மேல்மாடியில் குடியிருக்கும் ஜன்னத்துல் பிர்தௌஸ் என்ற ஜன்னத்து, திரைச்சீலை வாங்கிய அன்று இதைக் கேட்டவள், அப்புறம் அந்தச் சீலையைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டாள்.

அப்படிப்பட்ட ஆச்சிக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் திரும்பவே இல்லை. ஸ்பாவுக்குப் போய் ஒரு மசாஜ் செய்துகொள் என்றார் அடைக்கப்பன். ஸ்பாவுக்கா பஞ்சம்? ஆச்சி ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார். எங்கும் குளுகுளு அறை, எலுமிச்சம்புல் வாசனை, காலை நனைக்க வெந்நீர், கையில் இஞ்சி டீ, கூடவே விலை அட்டை. டீயைக் குடித்துவிட்டு விசாரணையை ஆரம்பிப்பார். டிப்ஸ் இதில் சேர்த்தியா, தனியா? உங்கள் விருப்பம் என்று போட்டுவிட்டு அதற்குக் கீழே குறைந்தபட்சத் தொகையை ஏன் அச்சடித்திருக்கிறீர்கள்? முதுகில் வைக்கிற சூடான கல்லுக்கு இவ்வளவு விலையா, கல்லை நீங்களே திருப்பி எடுத்துக்கொள்கிறீர்களே? கழுத்து மட்டும் வலிக்கிறவள் கால் வரைக்கும் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்? அந்தப் பெண்கள் சிரித்தபடி இன்னொரு டீ தருவார்கள். அதையும் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுவார். அந்த வாரம் இஞ்சி நிறைய உள்ளே போயிற்று, கழுத்து மட்டும் திரும்பவில்லை.

கடைசியில் வலி பொறுக்காமல் ஒரு மத்தியானம், சந்துக்குள் இருந்த சின்ன ஸ்பாவில் ஒன்றுமே கேட்காமல் படுத்துவிட்டார். அறுநூறு, டிப்ஸ் தனி. ஆனால் என்ன சுகம். வெளியே வந்து ஆசையாக இடப்பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே ஜன்னத்து நின்றிருந்தாள்.

"ஆச்சி, நீங்களா? எவ்வளவு குடுத்தீங்க?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் இத்தனை வருஷமாகச் சேர்த்த பேர் என்ன ஆவது?

"முந்நூறுதான். டிப்ஸும் அதுலயே சேத்தி. பேசுற மாதிரி பேசணும் ஜன்னத்து."

சனிக்கிழமை ஜன்னத்து இன்னும் மூன்று பெண்களைத் திரட்டிக்கொண்டு கதவைத் தட்டினாள். "நாங்க போனா அறுநூறு சொல்லுவாங்க. நீங்க வந்து பேசிக் குடுங்க ஆச்சி."

தான் திருடி, பிறரை நம்பாள் என்பார்கள். ஆச்சியின் கஷ்டம் வேறு. அவரை எல்லாரும் நம்பினார்கள். நால்வரையும் கால் நனைக்க உட்காரவைத்து, ஆளுக்கு முந்நூறு வாங்கிக்கொண்டு, பணம் கட்டும் மேசையருகே போய் நெடுநேரம் பேரம் பேசுவது போல் கையை ஆட்டினார். மீதியையும் டிப்ஸையும் தன் கைப்பையிலிருந்து சேர்த்துக் கட்டினார்.

"நீங்க வரலையா ஆச்சி?"

"எனக்குத்தான் சரியாப்போச்சே. நீங்க போயிட்டு வாங்க."

சொல்லும்போதே கழுத்து மறுபடி பிடித்துக்கொண்டது. உள்ளே அவர்கள் சுகமாகப் படுத்திருக்க, ஆச்சி சோபாவில் இஞ்சி டீயோடு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வலித்தது. ஆனாலும் பேர் பிழைத்ததே என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, அதே அடுக்குமாடியில் இருக்கும் காரைக்கால்காரி ஐரேன் போன் செய்தாள். "அந்தச் சந்து ஸ்பாவுல நீங்க முந்நூறு குடுத்தீங்களாமே ஆச்சி. ஜன்னத்து இருநூத்தம்பதுதான் குடுத்தாளாம். ஏமாந்துட்டீங்களே."

ஜன்னத்து முந்நூறு கொடுத்தது ஆச்சியின் கையில்தான். அது பொய் என்று ஆச்சியைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இருந்தும் அன்று சோறு இறங்கவில்லை. நமக்குத் தெரியாமல் மறுபடி போய்ப் பேசியிருப்பாளோ? மறுநாள் ஸ்பாக்காரர்கள் கதவைத் திறக்கும்போது, திரும்பாத கழுத்தோடு ஆச்சி வாசலில் நின்றிருந்தார். அவருக்கு அந்த இருநூற்றைம்பது வேண்டும்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள், நீங்கள் அந்த இனமே இல்லை. ஆனால் போன மாதம் வாங்கிய செருப்புக்கு வீட்டில் என்ன விலை சொன்னீர்கள்? பக்கத்து வீட்டுக்காரர் அதே செருப்புக்கு அதைவிட ஐம்பது ரூபாய் குறைத்துச் சொன்னபோது, எந்தக் கடை என்று கேட்டீர்களா இல்லையா?