எழுந்திருக்காத புரோகிராமும் ஞாயிற்றுக்கிழமைப் பரிசமும்

ரிங்லெட்,
செவ்வாய், காலை.

அன்புள்ள தம்பி குகனேஸ்வரன் அவர்களுக்கு, தேயிலைக் கடை மாடசாமி எழுதுவது. இங்கே கணினியைத் தவிர அனைவரும் சுகம். சைபர்ஜெயாவில் உங்கள் சுகத்தையும் பெற்றோர் சுகத்தையும் அறிய ஆவல்.

தம்பி, நேராகவே சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்க வந்த அன்று, தேயிலைப் பொட்டலத்துக்கு லேபிள் அடிக்கும் பைத்தான் புரோகிராம் ஒன்றைப் போட்டுக் கொடுத்தீர்கள். கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் தானே எழுந்துகொள்ளும் என்றீர்கள். மூன்று வாரம் எழுந்தது. நேற்று அடித்தால், அப்படி ஒரு ஃபைலே இல்லை என்கிறது. கோலாலம்பூர் போகவேண்டிய நாற்பது பெட்டிச் சரக்கு லேபிள் இல்லாமல் மொட்டையாகக் கிடக்கிறது. வாசலில் காளிமுத்து லோரியை முடுக்கிக்கொண்டு நிற்கிறான், இதோ மறுபடி ஹார்ன். பிளக்கை மாற்றினேன், பெரிய எழுத்தில் அடித்தேன், சின்ன எழுத்தில் அடித்தேன், அசையவில்லை. பிரிஞ்சாங்கில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் தவ்ஃபீக்கிடம் கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அங்கிள், பைத்தான் நல்லாத்தான் இருக்கு. அது தேடுற ஃபைலுங்கதான் எடத்துல இல்ல லா. எதையாச்சும் தொட்டீங்களா?" என்றான்.

நான் எதைத் தொட்டேன்? சனிக்கிழமை உங்கள் ஃபோல்டரைத் திறந்தேன், பெரிசும் சின்னதும் ஒன்றாகக் கலந்து கிடந்தது. முப்பது வருஷம் தேயிலை சலித்த கை சும்மா இருக்குமா? அளவு பார்த்து, பெரிசு ஒரு ஃபோல்டர், நடுத்தரம் ஒன்று, தூள் ஒன்று எனப் பிரித்தேன். இரண்டு ஃபைல் உள்ளே ஒன்றுமில்லாமல் பூஜ்யம் என்று காட்டியது, குப்பையில் போட்டேன். நல்லதுதானே செஞ்சேன்? இடம் மாத்தினதுக்கே படுத்துக்கிற சாமானச் செஞ்சவரு, நாளைக்கு எம்பொண்ணு மொளகாத்தூள் டப்பாவ மாத்தி வச்சா என்ன ஆவாருன்னு நான் யோசிக்க வேணாமா? ஆகையால் ஞாயிற்றுக்கிழமைப் பரிசத்தைத் தள்ளிவைக்கிறேன். புரோகிராம் எழுந்திருக்கட்டும், அப்புறம் தட்டு மாத்தலாம்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு என் வணக்கம். முருகன் உங்களுக்கும் கணினிக்கும் நல்ல புத்தி கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மாடசாமி

பி.கு.: உறையை ஒட்டுமுன் விக்னேஸ்வரி பிடுங்கிப் படித்துவிட்டாள். "என்னப்பா, சம்பந்தம் பேசுறீங்களா, சரக்கத் திருப்பி அனுப்புறீங்களா?" என்றாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு குப்பையில் கிடந்ததை எடுத்தாள், எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்தாள், அந்த வரியை அடித்தாள். எழுந்துவிட்டது. போனில் சிரித்தது நீங்கள்தான் என்று பிறகுதான் தெரிந்தது. தினம் பேசுறீங்களாமே! மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே வந்துடுங்க. கடிதத்தைக் கிழிக்க மனசு வரல, நல்ல தாள். மேல எழுதினதைப் படிக்க வேணாம்.