பவளம் பழுப்பானது பற்றிச் சம்பந்தியாருக்கு

பல்லேகல,
வெள்ளிக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தியார் மயில்வாகனனார் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் கட்டுகஸ்தோட்டை இல்லத்தில் நலமே வாழ்வீர்களாக. இங்கு நானும் மனைவி பாலம்மாவும் மகள் எழிற்கொடியும் நலம். மண உறுதி நாளன்று தாங்கள் அன்பளித்த உயிர்ப்பவளமும் நலம். அது நலமில்லை என்று தங்கள் துணைவியார் கருதியதே இம்மடலுக்குக் காரணம்.

தங்கள் கடல்நீர்த் தொட்டியில் பச்சைப் பசேலென ஒளிர்ந்த பவளம் எம் தொட்டிக்கு வந்தபின் பழுப்பாயிற்று. "என்னங்க இது, பிளேன்டீ நிறமாயிருச்சு! சம்பந்தியம்மா பார்த்தா நம்ம வீடு ராசியில்லாத வீடுன்னு சொல்லிருவாங்க" என்று பாலம்மா பதறினாள். சென்ற ஞாயிறன்று தங்கள் துணைவியார் வந்தார், பார்த்தார், தேநீரைத் தொடாமலே எழுந்தார். "பவளம் வாடின வீட்டில பொம்பிளை எடுக்கிறதோ? தை வரைக்கும் பொறுப்பம்" என்று அவர் படியிறங்கும்போது மொழிந்தது எம் அடுக்களைவரை கேட்டது.

ஐயா, பவளம் வாடவில்லை! அது கல்லன்று, செடியன்று, உயிர். அதன் தசைக்குள் கண்ணுக்குப் புலப்படாத பாசிகள் குடியிருந்து, ஒளியை உண்டு, வீட்டுக்காரருக்கே சோறு போடுகின்றன. ஒளி குறைந்தால் பாசி பெருகும், பவளம் பழுப்பாகும். ஒளி மிகுந்தால் பாசி வெளியேறும், பவளம் வெளுக்கும். புதுத் தொட்டியின் நீரும் உப்பும் ஒளியும் பழகும்வரை நிறம் மாறுவது அதன் இயல்பு. எம் குடும்ப ராசிக்கு இதில் பங்கில்லை.

ஒளி ஏன் குறைந்தது என வினவுவீர்கள். தங்கள் அன்பளிப்பைச் சிறப்பிக்க எண்ணித் தொட்டிக்குப் பொன்னாடை போர்த்தினேன். மேடைகளில் எனக்குப் போர்த்தியவற்றுள் மிகத் தடித்தது அது. விருந்தினர் வந்தால் விலக்கிக் காட்டுவோம், சென்றதும் போர்த்துவோம். பிழையுணர்ந்ததும் ஆடையை அகற்றி, பொதுக்கூட்டங்களுக்கு எடுக்கும் பெருவிளக்கை ஏற்றினேன். ஒரு மூலை வெளுத்தது. அணைத்துவிட்டேன். "அப்பா, நீங்க ஒன்னும் செய்யாம இருங்க, அதுவா பழகிக்கும்" என்கிறாள் மகள்.

ஆதலின் ஆவணித் திருமணத்தைத் தைக்குத் தள்ளவேண்டாம் என மன்றாடுகிறேன். மண்டபமும் பேசியாயிற்று. இடம் மாறிய உயிர் நிறம் மாறுவது குற்றமென்றால், நாளை தங்கள் இல்லம் புகும் என் மகள் முதல் மாதத்தில் சற்றே இளைத்தால் அதற்கு எவரைக் கூண்டில் ஏற்றுவது?

தங்கள் குடி தழைக்க, தங்கள் தொட்டி தெளிந்திருக்க வாழ்த்தி,

அன்பு மாறாத,
கா. செல்லச்சாமி

பின்குறிப்பு: மடலை உறையிலிடும் வேளையில் தங்கள் மகன் தயாபரன், "இதைக் குடுக்க மறந்திட்டம் மாமா" என்று தங்கள் தொட்டியின் நீல விளக்குடன் வந்தார். ஏற்றினோம், பச்சை. அணைத்தோம், பழுப்பு. "எங்கட வீட்டிலயும் இந்த லைட் இல்லாட்டி இது இந்த நிறந்தான்" என்று சிரித்தார். எழிற்கொடி சிரிக்கவில்லை. "உங்க வீட்டுல வேற எதுக்கெல்லாம் நீல விளக்குப் போட்டுக் காட்டுனீங்க?" என்றாள். அவர் விளக்கின் கம்பியைச் சுருட்டத் தொடங்கினார். தை வரை பொறுப்போம் என்று இப்பொழுது கூறுபவள் என் மகள்.