பயத்துக்குப் பவர் பார்த்தவர்

உலகத்தில் பயந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஒரு மூலையில் உட்கார்ந்து தங்கள் பாட்டுக்குப் பயந்துகொண்டிருப்பார்கள். தொந்தரவெல்லாம் தைரியம் சொல்கிறவர்களால்தான். இந்த இனத்தை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, இதெல்லாம் ஒரு ஆபரேஷனா என்று ஆரம்பித்து, இதே ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பி வராத தன் நண்பர் ஒருவரைப் பற்றி விளக்கமாகச் சொல்லி, ஆனால் அவருக்கு வயதாகிவிட்டது என்று சமாதானப்படுத்தி, கடைசியில் உங்கள் வயதைக் கேட்பாரே, அவர்தான். அடுத்தவர் பயம் இவருக்கு ஒழுகுகிற குழாய் மாதிரி. கேள்விப்பட்ட உடனே ஸ்பானரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். எந்தக் குழாய் என்று கேட்பாரா? கேட்க மாட்டார்.

மலைப்பாதையில் பஸ் ஓட்டும் ஒருவருக்கு இப்படி ஒரு மச்சான் வாய்த்தார். டிரைவர் சாதுவான மனிதர். 'ஓட்டுநருடன் பேசாதீர்கள்' என்ற பலகைக்குக் கீழேயே பாதி ஆயுளைக் கழித்தவர். வீட்டிலும் அந்தப் பலகை தொங்குவது போலவே நடந்துகொள்வார். அவர் மனைவி நர்ஸ். கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போன வருஷம் போனாள். இப்போது அங்கே வீடு பார்த்து, பெண்ணுக்குப் பள்ளிக்கூடமும் பார்த்துவிட்டாள். அப்பாவும் மகளும் விமானம் ஏற வேண்டியதுதான் பாக்கி.

ஏறவில்லை. விமான நிலையத்து வாசல் வரைக்கும் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்த பெண், கண்ணாடிக் கதவு தானாகத் திறந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"பயமா இருக்குப்பா."

தூக்கினால் துவண்டாள், இழுத்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டாள். இருவரும் வீடு திரும்பினார்கள். இரவு போனில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அவளைக் கட்டாயப்படுத்தாதீங்க. அடுத்த மாசமும் வரலைன்னா நான் வேலையை விட்டுட்டு வந்துடறேன்" என்றாள். அந்த வேலைக்காக அவள் எத்தனை பரீட்சை எழுதினாள் என்பது டிரைவருக்குத் தெரியும். அன்று அவர் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் மச்சான் வந்துவிட்டார்.

மச்சானுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. தினமும் நாலு பேரை நாற்காலியில் உட்கார வைத்து, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டுக் கேட்டு, உலகத்தில் எந்தக் கோளாறையும் இப்படியே சரிசெய்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தவர்.

"மாப்பிள்ளை, நீங்க விடுங்க. இது என் பொறுப்பு. பயம்னா என்ன? பழக்கமில்லாதது. அவ்வளவுதான்."

டிரைவர் தலையாட்டினார். அதுதான் அவர் செய்த தப்பு.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடையின் ஷட்டரைப் பாதி இறக்கி, நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, நடுவே நடைபாதை விட்டு, வீட்டிலிருந்து மிக்சியைக் கொண்டுவந்து பின்னால் எஞ்சினாக வைத்து, தன் மனைவியை, அதாவது பெண்ணின் அத்தையை, பணிப்பெண்ணாக நியமித்து, கண் பவர் எழுதும் சீட்டிலேயே போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்து மச்சான் விமானத்தைத் தயார் செய்தார். இடுப்புக்குப் பெல்ட்டாக அத்தையின் பழைய துப்பட்டாக்கள்.

"நான் இப்ப சிரிக்கணுமா?" என்று அத்தை கேட்டாள்.

"பயணிங்க ஏறும்போது சிரிக்கணும். இறங்கும்போதும் சிரிக்கணும்."

"நடுவுல?"

"நடுவுல பிஸ்கட் குடுக்கணும்."

உடைந்த கண்ணாடியைச் சரிசெய்ய வந்த கணக்காளர் ஒருவர், குனிந்து ஷட்டருக்குள் நுழைந்த குற்றத்துக்காக மூன்றாம் வரிசையில் உட்கார வைக்கப்பட்டார். மிக்சி ஓடியது. மச்சான் பெண்ணின் அருகே மண்டியிட்டுத் தைரியம் சொல்ல ஆரம்பித்தார்.

"இப்ப ஒரு சத்தம் வரும். அது றெக்கை உடையிற சத்தம் இல்ல. றெக்கை லேசுல உடையாது. அப்படியே ஒரு எஞ்சின் நின்னாலும் இன்னொண்ணு இருக்கு."

"அதுவும் நின்னுட்டா மாமா?"

"ரெண்டும் நிக்கிறது ரொம்ப அபூர்வம்."

அதுவரை அந்தக் குழந்தைக்கு இறக்கை உடையலாம் என்பது தெரியாது. எஞ்சின் நிற்கலாம் என்பதும் தெரியாது. தெரிந்துகொண்டது.

அடுத்தது, வானத்தில் விமானம் குலுங்குவது. மச்சான் ஒவ்வொரு நாற்காலியாகப் பின்னால் நின்று உலுக்கினார். கணக்காளரின் நாற்காலிக்கு ஒரு கால் ஏற்கெனவே ஆட்டம். அது கழன்றுகொள்ள, அவர் பிஸ்கட்டோடு தரையில் கிடந்தார்.

"பாத்தியா, விழுந்தாரு. ஏதாவது ஆச்சா?"

"அவரு நாற்காலியிலிருந்துதானே மாமா விழுந்தாரு?" என்றாள் பெண்.

ஒத்திகை முடிந்ததும் மச்சான் அவள் கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "பயம் மைனஸ் ரெண்டு இருந்துச்சு மாப்பிள்ளை. இப்ப மைனஸ் ஒண்ணே கால். ரெண்டு ஞாயித்துக்கிழமையில சுத்தமாயிடும்."

டிரைவர் மறுபடியும் தலையாட்டினார். மகள் ராத்திரி விளக்கை அணைக்க விடவில்லை. அதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வாரத்துக்கு வாரம் விமானத்தில் கூட்டம் கூடியது. பிஸ்கட் தருகிறார்கள் என்று பேக்கரிக்காரர் வந்தார். பேக்கரியிலிருந்து பிஸ்கட் வருகிறதென்று மற்றவர்கள் வந்தார்கள். கணக்காளர் இந்த முறை ஜன்னல் ஓரம் வேண்டுமென்று சண்டை போட்டார். அத்தை சிரிப்பதை நிறுத்திவிட்டு எல்லாரையும் அதட்ட ஆரம்பித்தாள். அதில் விமானம் இன்னும் நிஜமாக இருந்தது. எல்லாருக்கும் பயம் போய்விட்டது, யாருமே எங்கேயும் பறக்கப் போவதில்லை என்பதால். பறக்க வேண்டிய ஒருத்தி மட்டும் முதல் வரிசையில் துப்பட்டாவை இறுக்கிப் பிடித்தபடி வாயைத் திறக்காமல் இருந்தாள்.

பயண நாள் வந்தது. மச்சானும் டிக்கெட் எடுத்திருந்தார். "இவ்வளவு தூரம் கொண்டுவந்துட்டுப் பாதியில விட முடியுமா?"

மச்சான் ஒரு கையையும் அப்பா ஒரு கையையும் பிடித்துக்கொள்ள, பெண் கண்ணை மூடிக்கொண்டே கண்ணாடிக் கதவைத் தாண்டினாள். விமானத்தில் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். கதவு சாத்தியதுமே மச்சான் தொடங்கிவிட்டார்.

"இப்ப ஒரு புகை மாதிரி வரும். நெருப்பு இல்ல. நெருப்புன்னா வேற வாசனை வரும்."

பின் இருக்கையிலிருந்து ஒரு தடித்த மனிதர் தலையை நீட்டினார். "என்ன வாசனை?"

மச்சானுக்கு இதைவிட என்ன வேண்டும்? திரும்பி உட்கார்ந்து அவருக்குத் தைரியம் சொன்னார். அவருக்குப் பக்கத்திலிருந்த பெண்மணிக்குச் சொன்னார். நடைபாதைக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பிச் சொன்னார். நெருப்பு, புகை, றெக்கை, எஞ்சின், பறவை, ஒன்றுகூட நடக்காது என்று ஒவ்வொன்றாக விளக்கினார். தடித்த மனிதர் எழுந்து நின்று, தான் இறங்க வேண்டும் என்றார்.

பணிப்பெண் வந்தாள். இவள் சிரிக்கவில்லை.

"சார், நீங்க கொஞ்சம் பேசாம இருக்கணும்."

"நான் தைரியம்தாம்மா சொல்றேன்."

"அதான் சார் பிரச்சினை."

மச்சானைக் கடைசி வரிசைக்கு, கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்திலிருந்த இருக்கைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

முன்னால் திடீரென்று அமைதி. டிரைவர் மகளைப் பார்த்தார். இத்தனை வாரங்களாக அவளைச் சுற்றி நடந்த பேச்சில் ஒரு இடைவெளி இப்போதுதான் கிடைத்திருந்தது.

"என்னடா பயம் உனக்கு?"

அவள் முதலில் பின்னால் எட்டிப் பார்த்தாள். மாமா தூரத்தில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு, "காது" என்றாள்.

"காதா?"

"பிளேன்ல போனா காது அடைச்சிக்குமாம். ஒண்ணுமே கேக்காதாம். க்ளாஸ்ல ஒருத்தி சொன்னா." குரல் உள்ளே போனது. "அப்புறம் அங்க போய் அம்மா பேசினா எனக்குக் கேக்காதுல்ல?"

ஒரு வருஷமாக அவளுக்கு அம்மா என்றால் போனில் வரும் குரல்தான். டிரைவர் அவள் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"எனக்கு மலையில தினமும் அடைக்கும். எச்சில முழுங்கினா திறந்துக்கும். பெரிசா கொட்டாவி விட்டாலும் போதும்."

"திறக்கலைன்னா?"

"திறக்கிற வரைக்கும் அம்மாவைச் சத்தமா பேசச் சொல்லலாம்."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். சரியென்று பட்டது. விமானம் மேலே ஏற, அப்பாவும் மகளும் மாறி மாறிக் கொட்டாவி விட்டார்கள். ஒவ்வொரு முறை காது திறந்ததும் அவள் அப்பாவின் சட்டையை இழுத்து, "ஏதாவது பேசுங்கப்பா" என்றாள். அவர் ஊர்ப் பெயர்களை நிறுத்தம் நிறுத்தமாகச் சொன்னார்.

கடைசி வரிசையில் மச்சான் பக்கத்திலிருந்தவரின் தோளைத் தட்டினார். "அங்க பாருங்க. கொட்டாவி விடுறா. ஒரு மாசம் முந்தி வாசல்லயே உக்காந்துட்ட பொண்ணு. எல்லாம் பயிற்சி சார்." பயிற்சியைப் பற்றி இறங்கும் வரை விடாமல் பேசினார், எச்சில் விழுங்கக்கூட நிறுத்தவில்லை.

வெளியே கம்பித் தடுப்புக்கு அப்பாலிருந்து அம்மா பெண்ணைக் கூப்பிட்டாள். அத்தனை கூட்டத்திலும் சத்தத்திலும் முதல் தடவையே கேட்டது. பெண் ஓடினாள்.

அவளைக் கட்டிக்கொண்டே அம்மா நிமிர்ந்து, "ரொம்ப நன்றி அண்ணா" என்றாள்.

"என்ன?" என்று காதைத் தேய்த்துக்கொண்டார் மச்சான்.

"நன்றின்னு சொன்னேன்."

"பயமா? எனக்கா? எனக்கென்னம்மா பயம்."

இந்த இனத்தில் நீங்கள் இல்லை என்றே நம்புகிறேன். இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். கடைசியாக உங்கள் வீட்டில் ஒருவர் 'பயமா இருக்கு' என்று சொன்னபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? உடனே ஞாபகம் வந்துவிட்டதல்லவா, வார்த்தைக்கு வார்த்தை, கையை ஆட்டியது உட்பட? சரி. அவருக்கு எதைக் கண்டு பயம்?

நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்.