ஒடுக்கப்பட்ட குரலுக்கு முதல் பரிசு

மனித இனம் பேசக் கற்றுக்கொள்ளப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. அந்தக் கெட்ட பழக்கத்தை விட்டொழிக்க, மாதுங்காவின் சரஸ்வதி கடாட்சம் கலை வணிகக் கல்லூரிக்கு இரண்டே ஆண்டுகள் போதுமானதாக இருந்தன. உலக நாகரிகத்துக்கு பம்பாய்த் தமிழர்கள் அளித்த கொடை என்று இட்லியையும் ஸ்டெனோகிராஃபரையும் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இனி இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் அந்தக் கல்லூரியில் வெள்ளிக்கிழமைதோறும் ‘விவாத மேடை’ என்று ஒன்று நடக்கும். ஒருவர் ஒன்று சொல்வார், இன்னொருவர் அதை மறுப்பார், பிறகு இருவரும் கிங்ஸ் சர்க்கிளுக்குப் போய் ஒரு காபியை இரண்டாக ஆற்றிக் குடிப்பார்கள். இந்தக் காட்டுமிராண்டித்தனத்துக்கு முற்றுப்புள்ளி வைத்த பெருமை இரண்டு மாணவர் அமைப்புகளைச் சேரும். ஒன்று, அனந்தின் தலைமையிலான ‘விழிப்பு அணி’. மற்றொன்று, நகுலின் தலைமையிலான ‘எழுச்சி அணி’. இரண்டுக்கும் கொள்கையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். என்ன வித்தியாசம் என்று கேட்பது நாகரிகம் அல்ல.

விழிப்பு அணி கல்லூரி வாசலில் ஆளுயரத் தெர்மகோல் சுட்டுவிரல் ஒன்றை நிறுவி, ‘துரோகி, உன்னைத்தான்!’ என்று எழுதிவைத்தது. மறுநாள் எழுச்சி அணி அதற்கு எதிரே ஒரு முழம் கூடுதலான விரலை நட்டு, ‘நானா? நீதான்!’ என்றது. இரண்டையும் செய்து கொடுத்தது தாராவியில் ஒரே பட்டறை. இரண்டு விரல்களுக்கும் நடுவில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள சயானிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அறிவுலகம் இப்படிக் களைகட்டி யாரும் பார்த்ததில்லை.

இந்தப் பொற்காலத்தில்தான் இரண்டாம் ஆண்டு பி.காம். படிக்கும் ஷாலினிக்கு ஒரு பிற்போக்கான ஆசை வந்தது. அவளுக்குப் பேச வேண்டும்.

அவளையும் முழுக்கக் குற்றம் சொல்வதற்கில்லை. அவள் வீடு தாராவியில். கீழே அப்பா பூலோகத்தின் தோல் பைப் பட்டறை, மேலே எல்லோருக்குமாக ஓர் அறை. கீழே மெஷின் ஓடினால் மேலே புத்தகத்தில் எழுத்துகள் துள்ளும். அதனால் அவள் படிப்பெல்லாம் கல்லூரியின் வாசிப்பறையில்தான், இரவு எட்டு மணிவரை. அந்த அறையை இனி மாலை ஐந்துக்கே மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். வகுப்பு முடியவே ஐந்தாகிவிடும். பரீட்சையோ அடுத்த மாதம். காரணம் என்னவென்று விவாத மேடையில் கேட்டுவிடுவது என்று கிளம்பினாள்.

விவாத மேடையின் பொறுப்பாளராக இருந்தவர் பேராசிரியர் வேங்கடசுப்ரமணியன். கால ஓட்டத்தில் ‘காட்சி ஒருங்கிணைப்புக் குழுத் தலைவர்’ ஆகப் பதவி உயர்வு பெற்றிருந்தார்.

“டிபேட்டா? வேண்டாம்மா, ரொம்ப டேஞ்சர்” என்றார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. “கடைசியா நடந்ததே, என்ன ஆச்சு தெரியுமோ? ஒரு பையன் பாதியில எழுந்துண்டு, ‘நீங்க சொல்றதுதான் சரி, நான் தப்பா நெனச்சுண்டிருந்தேன்’னுட்டான்!”

“அது நல்லதுதான சார்?”

“நன்னாருக்கு போ! ரெண்டு அணியும் மாத்தி மாத்தி வந்து என் கேபினைச் சூழ்ந்துண்டு கெரோ பண்ணிட்டா. அந்தப் பையன் பாவம், உல்லாஸ்நகர்ல ஏதோ காலேஜுக்கு மாத்திண்டு போயிட்டான்.”

“அப்ப ரீடிங் ரூம மூடப்போறத நாங்க யாருட்ட போய்க் கேக்க?”

“கேக்கப்படாதும்மா. காட்டலாம். எதையாவது பெரிசா செஞ்சு வை, பெயின்ட் அடி. பர்மிஷன் நான் தரேன்.”

வெளியே வந்தவளை வராந்தாவில் அனந்த் பிடித்துக்கொண்டான். செய்தி அதற்குள் எட்டியிருந்தது.

“ஷாலினி, உன் இஷ்யூ ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ். நாங்க எடுத்துக்கறோம். வெள்ளிக்கிழமை பெஸ்ட் காட்சிக்குப் பரிசு குடுக்க நம்ம காலேஜ் டிரஸ்டி வரார். கண்ணாடிக் கூண்டு ஒண்ணு வைக்கறோம், உள்ள நீ நிக்கறே, வாயில கறுப்பு டேப். மேல போர்டு, ‘ஒடுக்கப்பட்ட குரல்’. என்ன இம்பாக்ட் தெரியுமா!”

“நான் பேசணும்னு சொல்லுதேன். நீங்க வாயில டேப் ஒட்டணும்ங்கீங்க?”

“அரே, நீ பேசினா, நீ ஒடுக்கப்பட்ட குரல்னு எவன் நம்புவான்?”

இந்த வாதத்துக்கு உலகில் யாராலும் பதில் சொல்ல முடியாது. டிரஸ்டி கூண்டின் முன்னால் வந்ததும் டேப்பைப் பிரித்து மைக்கைக் கையில் கொடுப்பதாக அனந்த் சத்தியம் செய்தான். இரண்டு நிமிடம் கிடைத்தால் போதும் என்று அவள் சம்மதித்தாள்.

வெள்ளிக்கிழமை கல்லூரி வாசலில் ஷாலினி கூண்டு ஏறிய சற்று நேரத்துக்கெல்லாம் நகுல் தன் படையோடு வந்து இறங்கினான்.

“ஒடுக்கப்பட்ட குரல் எங்களோடது! எங்க ஒடுக்குமுறைய இவங்க திருடிட்டாங்க!”

“போடா! மொதல்ல ஒடுக்கப்பட்டதே நாங்கதான்!” என்றான் அனந்த்.

“ஜூட், பொய்! உங்கள ஒடுக்க எங்களுக்கு எப்படா டைம் கெடச்சுது?”

காட்சி ஒருங்கிணைப்புக் குழு அவசரமாகக் கூடியது. நெடுநேர ஆலோசனைக்குப் பின் வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் ஒன்று நிறைவேறியது. முற்பகலில் விழிப்பு அணியின் கறுப்பு டேப், பிற்பகலில் எழுச்சி அணியின் சிவப்பு டேப். மேற்படி வாய், இரு அணிகளுக்கும் பொதுச் சொத்து. ஷாலினியின் கருத்து கேட்கப்படவில்லை. காட்சிப் பொருளிடம் கருத்துக் கேட்கும் மரபு அந்தக் கல்லூரியில் இல்லை.

டிரஸ்டி தாமதமாக வந்தார். வந்த நேரம் டேப் மாற்றும் நேரம். கறுப்பைப் பிரித்தாகிவிட்டது, சிவப்பின் நுனியை நகுல் நகத்தால் தேடிக்கொண்டிருந்தான். மைக் அனந்தின் கையில் கோஷம் போட்டுக்கொண்டிருந்தது. அதற்காகக் காத்திராமல் ஷாலினி வாய் திறந்தாள்.

“சார், ரீடிங் ரூம அஞ்சு மணிக்கு மூடாதீங்க சார். வீட்டுல எடம் இல்லாத பிள்ளைங்க நாங்க எங்க போய்ப் படிக்க? மூடுததுக்குக் காரணத்தையாவது சொல்லுங்க சார்...”

“பேசாதே!” என்று அனந்தும் நகுலும் ஒரே குரலில் கத்தினார்கள். இரண்டு ஆண்டுகளில் அவர்கள் ஒத்துப்போனது அதுவே முதல் முறை. கறுப்பும் சிவப்பும் குறுக்கும் நெடுக்குமாக அவள் வாயில் ஏறின.

டிரஸ்டியின் கண்கள் கலங்கிவிட்டன. “என்ன தத்ரூபம்! நிஜமாவே ஒடுக்கற மாதிரி இருக்கே!” என்றார். முதல் பரிசை அங்கேயே அறிவித்தார். இத்தகைய கலைப் படைப்புகள் வெயிலிலும் மழையிலும் கிடப்பது தேசத்துக்கே அவமானம் என்றும், வாசிப்பறையை ஐந்து மணிக்கு மூடுவானேன், ஒரேயடியாக மூடி நிரந்தரக் காட்சிக்கூடம் ஆக்கிவிடலாம் என்றும் சொன்னார். இரு அணிகளும் ஆரவாரம் செய்தன. கண்ணாடிக்குள் ஷாலினி அழுதாள். அதற்கும் கைதட்டினார்கள்.

வீட்டில் அம்மா சண்முகவடிவு மகளின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஏட்டி, வாயச் சுத்தி என்ன இப்படிச் செவந்து கெடக்கு? பேசுனதுக்கு அடிச்சாவளா?”

“இல்லம்மா. பேசாம இருந்ததுக்குப் பரிசு குடுத்தாங்க.”

“நல்ல காலேசுட்டி!” என்று சண்முகவடிவு தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து தடவினாள். ஷாலினி புத்தகத்தைத் திறந்தாள். கீழே மெஷின் ஓடியது.

திங்கட்கிழமை காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. வாசிப்பறையின் மேஜைகளையெல்லாம் வெளியேற்றிவிட்டு, நடுவில் இரு அணிகளும் கூட்டாக ஒரு படைப்பை வைத்திருந்தன. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. சுற்றிலும் கயிறு. ‘கல்வி உரிமை. தொடாதீர்கள்.’

ஷாலினி கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்து, நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டுக்கொண்டு காஸ்ட் அக்கவுன்டிங் படிக்க ஆரம்பித்தாள்.

அனந்தும் நகுலும் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள்.

“ஏய், எழுந்திரு! இது எக்ஸிபிட்!”

“ஏன் எந்திரிக்கணும்? காரணம் சொல்லுங்க, எந்திரிக்கேன்.”

காரணமா? அதை எங்கே ஆர்டர் கொடுப்பது, என்ன உயரத்தில் செய்வது என்று இருவருக்குமே தெரியவில்லை. வெளியே ஓடினார்கள். திரும்பி வந்தபோது அனந்தின் கையில் ‘எழுந்திரு!’ என்ற அட்டை. நகுலின் கையில் ‘உடனே எழுந்திரு!’

“காரணம்?” என்றாள் ஷாலினி, பக்கத்தைத் திருப்பிக்கொண்டே.

அட்டைகளை இன்னும் சற்று உயர்த்திப் பிடித்தார்கள்.

அந்த நேரம் பார்த்து, மகளின் அட்மிஷனுக்காக செம்பூரிலிருந்து வந்திருந்த பத்மஜா என்ற அம்மாளுக்குக் கல்லூரியைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வேங்கடசுப்ரமணியன் உள்ளே வந்தார். பத்மஜா மகளின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“என்ன சார் இது, அந்தப் பொண்ணு காரணம் கேக்கறா? இங்க இதெல்லாம் உண்டா?”

“பயப்படாதீங்கோ மேடம்” என்று பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். “அது வெறும் காட்சி. நெஜத்துல இங்க யாரும் கேக்கறதில்லே.”