குதிரை மேல் யார்

பிரஷ்களை மண்ணெண்ணெயில் முக்கி, சோப்புப் போட்டு, உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த மனைவியின் கை சட்டென்று நின்றது. உள்ளே உட்கார்ந்திருந்த குதிரைக்காரருக்கு மூச்சும் கூடவே நின்றது.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க."

அந்தக் 'கொஞ்சம் வாங்க' காதில் விழுந்தாலே, அன்றைக்குச் செய்த தப்புகளையெல்லாம் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவார்.

குதிரைக்காரர் என்பது ஊரார் வைத்த பேர். நிஜக் குதிரையை அவர் தொட்டதுகூட இல்லை. நாய் குரைத்தாலே தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். இங்கிலாந்தில் அந்தக் காலத்துப் பந்தயங்களில் ஓடிய குதிரைகளின் படங்களை, அச்சுப் படத்தைப் பார்த்துக் கட்டம் போட்டு, எண்ணெய் வண்ணத்தில் கையாலேயே வரைந்து கொடுப்பது தொழில். பீரோவுக்குக் கால் முளைத்த மாதிரி உடம்பு, எலுமிச்சம்பழம் அளவுக்குத் தலை. அந்தக் காலத்து ஓவியர்கள் அப்படித்தான் வரைந்து வைத்திருக்கிறார்கள். இவரும் அப்படியேதான் வரைய வேண்டும். ஒரு ரோமம் மாறினாலும் கடை முதலாளி திருப்பி அனுப்பிவிடுவார். போன படம் வால் குட்டை என்று திரும்பி வந்திருந்தது. இதுவும் திரும்பினால் வேலை வேறு ஆளுக்கு.

"இந்தச் சின்ன பிரஷ்ல ஏன் கறுப்பு இருக்கு?"

"அது குதிரையோட மூக்கு ஓட்டைக்கு."

"அதுக்கு நடு பிரஷ்தானே. சின்னது மனுசங்க மூஞ்சிக்கு மட்டும்னு நீங்கதானே சொன்னீங்க. அவங்களுக்குச் செம்பட்டை முடி, நீலக் கண்ணு. கறுப்பு எங்கேர்ந்து வந்துச்சு?"

"கை தவறிடுச்சும்மா."

"சரி" என்றாள். அந்த 'வாங்க'வை விட இந்தச் 'சரி' பயங்கரமாக இருந்தது.

கறுப்பு வந்த கதை இதுதான். முந்தின நாள் பக்கத்து வீட்டு அக்கா, "உங்க வீட்டுக்காரருக்குக் கோவமே வராதா?" என்று கேட்டிருக்கிறாள். "இவருக்கா? குழந்தை பலமாத் தும்முனாக்கூட என் முதுகுக்குப் பின்னால வந்து நிப்பாரு" என்றாள் மனைவி. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சபதம் எடுத்தார். வீட்டில் முடியாததைப் படத்தில் முடித்துவிடுவது.

படத்தில் குதிரைமேல் சவாரிக்காரன் ஒருவன், கீழே கடிவாளத்தைப் பிடித்தபடி ஒருவன். இரண்டு மூஞ்சியும் நகக்கண் அளவு. எல்லாரும் குதிரையைத்தானே பார்ப்பார்கள்? மேலே இருந்தவனுக்குத் தன் முகத்தையும் மீசையையும் வைத்தார். கீழே நின்றவனுக்கு மனைவியின் முகம், கன்னத்து மச்சத்தோடு. ரோஸ் நிறம் பூசியும் அவளேதான்.

வரைந்து முடித்து, ஆசை தீரப் பார்த்த பிறகு வந்தது பயம். முதலாளி பார்த்தால் பிழைப்புப் போகும். இவள் பார்த்தால் பிழைப்பதே கஷ்டம். அழிக்கலாம் என்று துணியை எடுத்தார். எஜமான் மாதிரி உட்கார்ந்திருக்கிற தன்னைத் தானே அழிக்க மனசு வரவில்லை. ஈரப் படத்தை, துணி ஒட்டாதபடி ஆழமான பெட்டிச் சட்டத்தில் வைத்து, மேலே துணி போட்டு இறுக்கிக் கட்டினார்.

"தூசி படும், பிரிச்சுப் பாக்காதே."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றவள், மறுநாள் காலை, "முதலாளி முன்னால இந்தத் தலையோடயா போய் நிப்பீங்க? முடி வெட்டிட்டு வாங்க" என்று துரத்தினாள். கத்தி கழுத்தில் பட்டபோதெல்லாம் அவருக்கு வீட்டு நினைப்பே வந்தது. ஓடி வந்து பார்த்தார். கட்டிய துணி கட்டியபடி இருந்தது. அவள் மறுபடியும் பிரஷ் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நேத்துதானே கழுவுன?"

"கறுப்பு சரியாப் போகலைங்க."

கடையில் படம் வாங்க ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்திருந்தாள். முதலாளி துணியைப் பிரித்தார். குதிரைக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வால் சரி. குளம்பு சரி," என்று பூதக்கண்ணாடியோடு போய்க்கொண்டிருந்த குரல் நின்றது. "என்னய்யா இது? கடிவாளம் பிடிக்கிறவனுக்கு ஏது மீசை?"

கீழே நிற்பவனுக்கா? கண்ணைத் திறந்தார். குதிரைமேல், தொப்பியும் மச்சமுமாக, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி. கீழே கடிவாளத்தோடு நின்றது அவரேதான்.

"இருங்க" என்று அந்த அம்மாள் எழுந்து வந்தாள். "அந்த ஆள் கண்ணைப் பாருங்க. குதிரையை அவன் பாக்கவே இல்ல. மேல இருக்கிறவங்களைப் பாத்துல்ல நடுங்குறான்." நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "இது எங்க வீட்டுக்காரர் ரூமுக்கு. என் தங்கச்சிங்களுக்கும் ஆளுக்கொண்ணு வரையச் சொல்லுங்க."

முதலாளி இவர் பக்கம் திரும்பினார். "அப்படியே வரணும். ஒரு ரோமம் மாறக்கூடாது."

வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "நீ எப்ப வரையக் கத்துக்கிட்டே?"

"எங்கே வரைஞ்சேன்? ஈரமாத்தானே இருந்துச்சு. மேல இருந்த மீசையைத் துடைச்சுட்டுக் கீழ வச்சேன், கீழ இருந்த மச்சத்தை மேல வச்சேன். மூக்கு, முழியை அங்கங்க கொஞ்சம் தொட்டேன்."

"என் கண்ணுல அந்தப் பயம்?"

"தினமும் பாக்கிற மூஞ்சிதானே. அதுக்குப் படிப்பா வேணும்?" கழுவிய பிரஷ்களை வரிசையாகக் காய வைத்தாள். "அடுத்து வரைய வேண்டிய அச்சுப்படத்தைப் பாத்தேங்க. அதுல மனுசங்களே இல்ல, வெறும் குதிரை மட்டுந்தான். அதனால அதுல உங்களை..."

"அம்மா" என்று உள்ளேயிருந்து குழந்தை கூப்பிட, சின்ன பிரஷைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போனவள், கதவருகில் ஒரு தடவை திரும்பி, அவருடைய மூஞ்சியின் நீளத்தை விரலால் சாண் போட்டு அளந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள்.